எண்பது பாட்டில்களும் அண்ணனும்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஒன்பது பாட்டில் ஒயின் சுவைத்தேன். எட்டு தேறவில்லை. ஒன்று மட்டும் கையைப் பிடித்து நிறுத்தியது. தென்னாப்பிரிக்க வெள்ளை, செனின் பிளாங்க் திராட்சை. முகர்ந்தபோது பெரிதாக ஒன்றும் இல்லை. வாயில் வைத்ததும் பச்சை ஆப்பிளைக் கடித்ததுபோல் ஒரு புளிப்பு, அதன் பின்னால் லேசாகத் தேன். துப்பிய பிறகும் நாக்கின் ஓரத்தில் நின்றது. இருபது வரை எண்ணினேன், இன்னும் இருந்தது. திருகு மூடி, பார்க்கச் சகிக்காத லேபிள். இந்த விலைக்கு இது கொள்ளை மலிவு.

இந்தக் கடைக்குப் பதினோரு வருடமாக ஒயின் தேர்ந்தெடுக்கிறேன். இப்படி ஒரு நெருக்கடி வந்ததில்லை. உலகம் முழுவதிலுமிருந்து எண்பது மாதிரிகள். அதிலிருந்து பன்னிரண்டு. ஏப்ரல் 12 அன்று புதிய அலமாரி திறக்க வேண்டும். முதலாளி சொன்னார்: “ஒரு சினிமா டிக்கெட் விலைதான் ஒரு பாட்டில். வாங்கினவன் அடுத்த வாரம் அதையே கேட்டு வரணும். வரலேன்னா அந்த அலமாரியும் வேண்டாம், அந்த வேலையும் வேண்டாம்.” அந்த வேலை என்றால் என் வேலை. சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொல்வதுதான் எனக்குப் பயம்.

கடையில் சுவைக்கும் அறையின் கூரை ஒழுகிச் சுவரே ஊறிவிட்டது. பழுது பார்க்க ஆறு வாரமாம். அதனால் எண்பதும் என் வீட்டுப் பின்னறையில்.

மார்ச் 6, வியாழன்

குடிநோய் சிகிச்சை மையத்திலிருந்து போன். அண்ணனை அடுத்த மாதம் அனுப்புவதாகச் சொன்னவர்கள், வரும் செவ்வாயே வந்து கூட்டிப்போகச் சொல்கிறார்கள். படுக்கை பற்றாக்குறை.

ஆலோசகர் படிவத்தை வாசித்துக் கேட்டுக்கொண்டே வந்தார். வீட்டில் எத்தனை பேர்? நான், கணவர், எட்டு வயதில் சின்னவள், எங்கள் ஒரே மகள். தனி அறை உண்டா? உண்டு. கடைசியாக, “வீட்டுல மது ஏதாவது இருக்குங்களா?”

“இல்லைங்க” என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. இருக்கிறது என்றால் என்ன ஆகும்? அவனைக் கூட்டிப்போக வேறு ஆள் கிடையாது. அண்ணி அவனை விட்டுப் போய் நான்கு வருடம். அப்பா இதே குடியில் போய்ச் சேர்ந்தார். நான்தான் மிச்சம்.

போனை வைத்த பிறகு பின்னறை வாசலில் போய் நின்றேன். எண்பது கழுத்துகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மார்ச் 9, ஞாயிறு

அவரிடம் சொன்னேன். லிஃப்ட் மெக்கானிக்கான என் கணவருக்கு எதையும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேச வரும்.

“முதலாளிகிட்ட சொல்லி பாட்டிலை எடுத்துக்கச் சொல்லலாமே.”

“என்னன்னு சொல்றது? எங்க அண்ணன் குடிகாரன், அதனால வீட்டுல வெச்சுக்க முடியலன்னா? ஒயின் வாங்குறவளோட அண்ணன்!”

“அப்ப கவனமா இரு” என்றார்.

கவனமாக இருப்பதென்றால் எப்படி?

மார்ச் 11, செவ்வாய்

அண்ணனைக் கூட்டி வந்தேன். பாதியாக இளைத்திருக்கிறான். முகம் மட்டும் தெளிவு. கல்லூரிக் காலத்தில் பார்த்த முகம். வரும் வழியிலேயே பின்னறை பற்றிச் சொல்லிவிட்டேன். மையத்தில் பொய் சொன்னதையும்.

“நான் பிராந்திக்காரன் பாப்பா. ஒயினெல்லாம் எனக்கு இருமல் மருந்து மாதிரி” என்று சிரித்தான். நானும் சிரித்தேன். இருமல் மருந்தை அவன் மொத்தமாகக் குடித்த ஒரு வருடமும் இருந்தது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

சின்னவள் “மாமா!” என்று ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. பெரிய பஸ் ஓட்டிய மாமா, அவ்வளவுதான்.

மார்ச் 12, புதன்

திறந்த பாட்டில் ஒவ்வொன்றின் லேபிளிலும் பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு போட்டேன், ஒயின் நிற்கும் அளவுக்கு.

திறந்ததை நான் உடனே கொட்டுவதில்லை. மலிவு ஒயினை வாங்குகிறவர் ஒரே நாளில் முடித்துவிட மாட்டார். மூன்றாம் நாளும் அது குடிக்கும்படி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான் வைத்திருக்கிறேன். கோடும் அதற்காகத்தான்.

யாரிடம் பொய் சொல்கிறேன்? இதைப் படிக்கப்போவது நான் மட்டும்தானே.

மார்ச் 15, சனி

லேபிள் தெரியாமல் சுவைக்கும் நாள். பாட்டில்களுக்குச் சின்னவளின் பழைய ஸ்கூல் சாக்ஸை மாட்டினேன். “என் சாக்ஸ் நாறாதா?” என்று அவளுக்குக் கவலை.

மூன்றாவது சாக்ஸ்: முகர்ந்தால் மல்லிகைப் பந்தலுக்குள் தலையை விட்டதுபோல. இனிக்கப்போகிறது என்று நினைத்து வாயில் வைத்தால் சர்க்கரையே இல்லை, சுத்தமான வெள்ளைப் புளிப்பு. அர்ஜென்டினா, டொரொன்டேஸ். ஏமாற்றுக்காரி. பிடித்துவிட்டது. எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாவது நனைந்த அட்டைப்பெட்டி வாடை. தக்கை கெட்டுப்போயிருக்கிறது. அதே ஒயினின் இன்னொரு பாட்டிலைத் திறக்க வேண்டும்.

தலை நிமிர்ந்தால் வாசலில் அண்ணன். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது.

“எல்லாத்தையும் துப்பிடறியா?”

“ஆமாண்ணா.”

“வாய்க்குள்ள போனதையா?”

“ஆமா.”

நம்பவே முடியாததுபோல் வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குழாயடிக்குப் போய்விட்டான். அதன் பிறகு எனக்கு நாக்கு மரத்துப்போயிற்று. மிச்சம் நான்கையும் சுவைக்காமலே மூடி வைத்தேன்.

மார்ச் 17, திங்கள்

கோடுகள் சரியாக இருந்தன.

மார்ச் 18, செவ்வாய்

சரியாக இருந்தன. காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, அவன் சின்னவளை ஸ்கூலிலிருந்து கூட்டிவரப் போனபோது ஒரு முறை.

மார்ச் 20, வியாழன்

இதுவரை ஏழு தேறிவிட்டன. இன்று ஸ்பெயினின் கர்னாச்சா, பழைய கொடிகளில் காய்த்தது. பெயர் போன ஊர்க்காரன் ஒயினோடு பெயரையும் சேர்த்து விற்பான். இது யாரும் கேள்விப்படாத ஊர், அதனால் விலை குறைவு. ஸ்ட்ராபெர்ரி, காய்ந்த இலை, தொண்டையில் இதமான ஒரு சூடு.

தொண்டையில்.

துப்பியிருந்தால் தொண்டையில் எப்படிச் சூடு? விழுங்கியிருக்கிறேன். தெரியாமல் அல்ல. நன்றாக இருந்தது, விழுங்கினேன். இரண்டாவது தடவையும்.

பதினோரு வருடத்தில் விழுங்கியதே இல்லையா? இருக்கிறது. கல்யாண வீட்டில், வேலை முடிந்த நாளில். அப்போதெல்லாம் பயந்ததில்லை. இன்று மட்டும் ஏன்? அப்பா, அண்ணன்... அடுத்து யார் என்று யாரோ காதுக்குள் கேட்பதுபோல் இருக்கிறது. ரத்தம் ஒன்றுதானே.

மார்ச் 24, திங்கள்

போர்ச்சுகல் சிவப்பு. லேபிளில் பாய்மரப் படகு. நாவல்பழத்தின் கறையும் துவர்ப்பும், கடைசியில் மிளகின் காரம். எண்பதில் இதுதான் முதல் இடம் என்று இப்போதே எழுதி வைக்கலாம். படகின் பாயில், பாதி உயரத்தில் கோடு போட்டேன்.

அண்ணன் சமையலறைக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டான். இரண்டு வருடமாக அது கத்திக்கொண்டிருந்தது. வாய் திறந்து நன்றிகூடச் சொல்லவில்லை நான்.

மார்ச் 26, புதன்

கோடு இருக்கிறது. ஒயின் இல்லை.

பாயின் நடுவில் நின்றது இப்போது படகுக்கும் கீழே, தண்ணீர் வரைந்திருக்கும் இடத்தில். கர்னாச்சாவிலும் இரண்டு விரல் குறைவு. மறுபடி மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

அவர் வேலைக்குப் போயிருந்தார். சின்னவள் ஸ்கூலில். அண்ணன் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். நிதானமாகக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன்.

“எத்தனை நாளாண்ணா?”

“என்ன எத்தனை நாளா?”

“நடிக்காத. எத்தனை நாளா குடிக்கிற?”

கையில் சின்னவளின் சட்டை. அதை உதறி, கிளிப் போட்டுவிட்டுத் திரும்பினான். “நான் குடிக்கல பாப்பா.”

“இதையே எத்தனை வருஷமா சொல்லியிருக்க?”

“நெறைய தடவை. அப்பல்லாம் பொய். இப்ப இல்ல.”

“ஊதிக் காட்டு.”

நான்தான் சொன்னேன். என் வாய்தான். நாற்பத்தொன்பது வயது அண்ணனை என் முகத்துக்கு நேரே ஊதச் சொன்னேன். ஊதினான். பற்பசை வாடை மட்டும்தான் வந்தது. “பல் தேச்சுட்டா தெரியாதுன்னு நெனச்சியா?” என்று அதற்கும் ஒன்று சொன்னேன்.

அவன் கோபப்படவில்லை. “பென்சில் கோட்டை வந்த மறுநாளே பாத்துட்டேன் பாப்பா. போட்டுக்கட்டும்னுதான் இருந்தேன். எனக்கும் அது ஒரு காவல்னு நெனச்சேன்.”

பைக்குள் நான்கு சட்டை. கிளம்ப ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் தடுக்கவில்லை.

சின்னவள் வந்ததும் கேட்டாள், “மாமா எங்கம்மா?” வேலை தேடிப் போயிருக்கிறார் என்றேன். மறுபடி ஒரு பொய்.

மார்ச் 27, வியாழன்

அவன் போனை எடுக்கவில்லை. ஒன்பது முறை. எங்கே விழுந்து கிடக்கிறானோ.

அவர் சாப்பிடும்போது தலை நிமிரவே இல்லை.

மார்ச் 28, வெள்ளி



இன்று காலை அவர் வேலைக்குக் கிளம்பவில்லை. ஷூவைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார். “நான் ஒண்ணு சொன்னா கத்தாத” என்றார்.

“அந்த ஒயினை நான்தான் கொட்டினேன்.”

எனக்குப் புரியவில்லை.

“புதன்கிழமை காலைல நீ குளிக்கப் போனப்ப மச்சான் அந்த ரூம் வாசல்ல நின்னுட்டிருந்தார். நெலையைப் புடிச்சுக்கிட்டு. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. அவர் வெளிய போனதும் தெறந்திருந்த ரெண்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் சிங்க்ல ஊத்திட்டேன். மொத்தமா ஊத்தினா நீ கேப்ப. கையெட்டற தூரத்துல எவ்வளவு கொறையுதோ அவ்வளவு நல்லதுன்னு... நீ கோடு போட்டிருக்கிறது எனக்குத் தெரியாதும்மா.”

“புதன்கிழமை சாயந்திரமே சொல்லியிருக்கலாமே! அவன் போன அன்னிக்கே!”

“வாய் வரல.”

கத்தக் கூடாது என்றார். கத்தினேன். எல்லாம் கத்தி முடித்த பிறகு தெரிந்தது, பாதிக் கத்தல் எனக்குத்தான். அவர் பயந்து ஒயினைக் கொட்டினார். நான் பயந்து அண்ணனைக் கொட்டிவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

மையத்தின் வாராந்திரக் கூட்டத்துக்கு வெளியே காத்திருந்தேன். அங்கே இருப்பான் என்ற நம்பிக்கை பாதிதான். முதலில் ஆலோசகர் வந்தார். அவரிடம் எண்பது பாட்டிலையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. “உங்க அண்ணன் வந்த முதல் வாரமே சொல்லிட்டார். தங்கச்சி மேல கோபப்படாதீங்கன்னும் சொன்னார்” என்றார். திட்டியிருக்கலாம்.

பிறகு அவன் வந்தான். சவரம் செய்திருந்தான். சலவைக்கடை ஒன்றில் இஸ்திரி போடும் வேலை, மாடியில் ஓர் அறையும் உண்டாம். கணவர் ஒயினைக் கொட்டிய கதையைச் சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்த முடியாமல் சிரித்தான். “மாப்பிள்ளை பாவம், நல்ல சரக்கைக் கொட்டியிருக்காரே.”

“என்னை மன்னிச்சிடுண்ணா. வீட்டுக்கு வா.”

“வரல பாப்பா. உன் மேல கோபமில்ல. அங்க இருந்தா நீங்க ரெண்டு பேரும் என்னைப் பாத்துக்கிட்டே இருப்பீங்க. நான் உங்களைப் பாத்துக்கிட்டே இருப்பேன். அந்த ரூம் வாசல்ல நான் நின்னது நெசம். உள்ள கால் வைக்கல, ஆனா நின்னேன்.”



மார்ச் 31, திங்கள்

முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “இதை மொத நாளே சொல்லியிருந்தா கிடங்குல ஒரு மூலையை ஒழிச்சுக் குடுத்திருப்பேனே” என்றார். அவ்வளவுதான். மதியமே வேன் வந்து எல்லாவற்றையும் எடுத்துப் போனது.

இத்தனை நாள் நான் எதற்குப் பயந்தேன்?

ஏப்ரல் 4, வெள்ளி

கிடங்கில் குளிர், ஒரு பல்பு, ஒரு ஸ்டூல். பத்து தேறிவிட்டன. சிலியின் கார்மனேர், நறுக்கிய பச்சைக் குடைமிளகாய் வாசனை, சிலருக்குப் பிடிக்கும், சிலர் முகம் சுளிப்பார்கள். எடுத்துக்கொண்டேன். ஹங்கேரியின் ஃபுர்மின்ட், எலுமிச்சைத் தோலும் கல்லும், பல் கூசும் புளிப்பு. யார் வாங்குவார்கள்? எனக்குப் பிடித்திருக்கிறது. எடுத்தேன். விற்காமல் போனால்? விற்காமல் போனால் என்ன செய்வேன்?

அண்ணனோடு இரண்டு நிமிடம் பேசினேன். குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், என்ன சொன்னான் என்று நினைவில்லை.

ஏப்ரல் 12, சனி

பதினொரு மணிக்குத் திறப்பு. பன்னிரண்டும் மேஜையில் வரிசையாக. கிளைப் பொறுப்பாளர்கள், பழைய வாடிக்கையாளர்கள், உணவுப் பத்திரிகைக்காரர் ஒருவர். நான்காவது ஒயினை ஊற்றிக்கொண்டிருந்தேன். பதினொன்று இருபதுக்குப் போன். அண்ணன்.

“பாப்பா... பஸ் டிப்போ எதிர்ல ஒரு பார் இருக்கு. வாசல்ல நிக்கிறேன். உள்ள போகல. அரை மணி நேரமா நிக்கிறேன்.”

“அங்கயே இரு. வர்றேன்.”

“இன்னிக்கு உன் விசேஷமாச்சே...”

“அங்கயே இருண்ணா!”

பாட்டிலை அப்படியே கல்லா அக்கா கையில் கொடுத்தேன். எங்கள் கடையில் இருபது வருடமாகப் பணம் வாங்குகிறவர். ஒரு சொட்டு குடித்ததில்லை. “எனக்கென்னடி தெரியும்?” என்றார். “துப்பிக்கலாம்க்கா, வாயில வெச்சு என்ன தோணுதோ சொல்லுங்க” என்று ஓடினேன். பின்னால் முதலாளி என்னைக் கூப்பிட்டது காதில் விழுந்தது.

வழியில்தான் உறைத்தது. காலையிலிருந்து பன்னிரண்டையும் வாயில் வைத்திருக்கிறேன். என் மூச்சு, என் சட்டை, என் விரல், எல்லாம் ஒயின். இப்படியே அவன் பக்கத்தில் போய் நிற்கப்போகிறேனா? டாக்சியை நிறுத்தித் தண்ணீர் வாங்கி, நடைபாதையிலேயே வாய் கொப்பளித்தேன். போகிறவர்கள் பார்த்தார்கள். சட்டையை என்ன செய்வது?

பஸ் நிறுத்தத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். பாரின் கதவு திறக்கும்போதெல்லாம் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். நான் இரண்டு முழம் தள்ளியே நின்றேன்.

“கிட்ட வாயேன்.”

“என் மேல வாடை அடிக்குதுண்ணா.”

“தெரியுது” என்றான். கண்ணில் தண்ணீர். சிரித்துக்கொண்டும் இருந்தான். “அத்தனை தூரத்துக்கு அடிக்குது. பரவால்ல, வா.”

டிப்போவில் பழைய வேலையைக் கேட்கப் போயிருக்கிறான். ஸ்டியரிங்கை இனித் தொடவே விடமாட்டோம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்களாம். அவர்கள் சொன்னது நியாயம்தான் என்றும் அவனே சொன்னான். “நியாயம்னு தெரிஞ்சும் காலு அங்கதான் போச்சு பாப்பா.”

முதலில் வந்த பஸ்ஸில் ஏறினோம். எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. ஓட்டுநருக்குப் பின் சீட்டில் அவன், நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி, மறுபடி போனோம். முதல் சுற்றில் ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது சுற்றில் மெல்ல முணுமுணுத்தான், “பிரேக்கை இப்படியா மிதிப்பாங்க? வயசானவங்க நிக்கிறாங்க, பாரு.” மூன்றாவது சுற்றில் பசிக்கிறது என்றான்.

கடைக்குத் திரும்பியபோது நான்கரை. மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏப்ரல் 14, திங்கள்

முதலாளி கூப்பிட்டார். கழுத்துக்குக் கத்தி வந்துவிட்டது என்றே போனேன்.

சனிக்கிழமை அதிகம் போனது எது தெரியுமா என்று கேட்டார். போர்ச்சுகல் என்றேன். இல்லை, ஹங்கேரி. கல்லா அக்கா ஒவ்வொருவரிடமும், “இது நல்லா புளிக்கும், வாய் சுத்தமாயிடும், எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டுட்டு இதைக் குடிச்சுப் பாருங்க” என்று சொல்லியிருக்கிறார். பத்திரிகைக்காரர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனாராம்.

“நீ போனது எனக்குக் கோபம்தான்” என்றார் முதலாளி. “அடுத்த தடவை சொல்லிட்டுப் போ. கேட்டா போகச் சொல்லுவேன்.” பிறகு, “அண்ணன் எப்படி இருக்கார்?” என்றார்.

நன்றாக இருக்கிறார் என்றேன். பொய்யா, நிஜமா? இன்று வரை நிஜம்.

ஏப்ரல் 23, புதன்

காலை பத்து மணி ஆனால் போன் அடிக்கிறதா என்று பார்க்கிறேன். அவனாகவே தினம் கூப்பிடுகிறான். பத்து ஐந்து ஆனால் போனைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். பத்துப் பத்துக்கு நானே போட்டுவிடுகிறேன். இன்று “சட்டை எரிஞ்சிடும் பாப்பா, வை” என்றான்.

மே 8, வியாழன்

ஆறு கிளைகளிலும் மறு ஆர்டர். இரண்டாவது பட்டியலுக்கு நாற்பது மாதிரிகள் வந்திறங்கின. கூரை சரியாகி, கடையின் அறையிலேயே சுவைத்தேன். கிரேக்க வெள்ளை ஒன்று, மால்டோவாவின் சிவப்பு ஒன்று, இரண்டும் நன்றாக இருந்தன. எல்லாவற்றையும் துப்பினேன். மதியம் சின்னவளுக்குப் பல் டாக்டர். பிறகு மளிகை. வீட்டுக்கு வந்த கணவர், லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு மாமியாரையும் மருமகளையும் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஆறேகாலுக்கு, கீரையை ஆய்ந்துகொண்டிருக்கும்போதுதான் நினைவு வந்தது. அண்ணன் இன்று கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு போன் போட்டேன். பின்னால் இஸ்திரியின் ஆவிச் சத்தம்.

“அய்யோ, மறந்தே போயிட்டேன் பாப்பா. இன்னிக்கு வேலை ஜாஸ்தி.”

“நானும்தாண்ணா” என்றேன்.